வசைக் கடிதங்களையும் பேணி வைத்த அம்மையார்

ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலே, கனடாவின் எல்லையோடு சேர்ந்து கிடப்பது மெயின் மாநிலம். பைன் மரக் காடுகளும், கடதாசி ஆலைகளும், மாரியிலே கொட்டிக் குவியும் உறைபனியும் உள்ள பிரதேசம். அங்கே கெனெபெக் என்னும் ஆற்றங்கரையில் ஸ்கௌஹீகன் என்றொரு சிறு பட்டினம் உண்டு. ஆற்றைப் பார்த்தபடி ஒரு வீடும், அதனோடு இணைந்த ஒரு நூல்நிலையமும் இருக்கின்றன. கதைப் புத்தகம் தேடி அந்த நூல்நிலையத்துக்குப் போகிறவர் ஏமாந்துதான் திரும்புவார். அங்கே பேணப்படுபவை பெரும்பாலும் கடிதங்கள். ஒரு பெண்மணி 32 ஆண்டுகளுக்கு மேலாக வாஷிங்ரன் காங்கிரசில் உறுப்பினராக இருந்தபோது, நாட்டின் நாலா பக்கங்களிலிருந்தும் அவருக்கு வந்தவையும், அவற்றுக்கு அவர் அனுப்பிய பதில்களின் பிரதிகளுமே அவை. பத்திரிகைச் செய்திகளை வெட்டி ஒட்டிய புத்தகங்கள் மாத்திரம் நூற்றுக்கணக்கில் உள்ளன.

அந்தப் பெண்மணி மார்கிறற் சேஸ் சிமித். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையிலும் செனற் சபையிலும், ஆக இரண்டிலும், மக்களால் தெரிவுசெய்யப்பட்டு அமர்ந்த முதற் பெண் அவரே.

1897ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் திகதி அவர் பிறந்தார். தகப்பனார் அந்த ஊரின் நாவிதர். தலைவலி அடிக்கடி வந்து தொழிலைக் கெடுக்கும் மனிதர். தாயார் உணவுச்சாலையில் பரிமாறியும் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலைசெய்தும் வீட்டுச் செலவைத் தாங்கினார். தாயாரின் குடும்பம் கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சு வழியினர். மோறின் என்ற பரம்பரைப் பெயரைப் பாட்டனார் மறே என்று ஆங்கிலப்படுத்திக்கொண்டார். ஆறு பிள்ளைகளில் மூத்தவர் மார்கிறற். பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே ஐந்து சதம் பத்துச் சதச் சாமான் விற்கும் கடையில் வேலை. பிறகு ரெலிபோன் நிலையத்தில் இரவு வேலை. கிளைட் சிமித் என்ற உள்ளூர் அரசியல்வாதி இரவிலே ரெலிபோனை எடுத்து நேரம் என்ன என்று அடிக்கடி கேட்பாராம். வீட்டிலே மணிக்கூடு இல்லாத குறையால் அவர் கேட்கவில்லை என்பது பின்னர் தெரிந்தது!

மேற்படிப்புக்குப் பணம் இல்லை. 1916இல் பள்ளிப் படிப்பை முடித்தவர் சில மாதம் ஓரறைப் பாடசாலையொன்றில் படிப்பித்தார். பின் ரெலிபோன் கம்பனி, ஊர்ப் பத்திரிகை அலுவலகம், கம்பளி ஆலை அலுவலகம் என்று பல இடங்களில் உழைத்தார். 1930ஆம் ஆண்டு மே மாதம் அந்தக் கிளைட் சிமித்தையே மணந்தார். கணவர் அவரிலும் 21 வயது மூத்தவர்.

1936இல் கிளைட் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவானதும், மனைவி அவருடைய காரியதரிசியாகச் சம்பளத்துக்கு அமர்ந்தார். கணவரின் பெயருக்கு வந்த தபாலைப் பிரித்துப் படிப்பதும் பதில் தயாரிப்பதும் அவர் வேலை. ஓர் அரசியல்வாதிக்கு மக்கள் எதை எழுதுகிறார்கள், எதை மறைக்கிறார்கள், எந்தக் குறைக்கு எந்த அலுவலகக் கதவைத் தட்டவேண்டும் என்பதையெல்லாம் அவர் கற்றது அந்த மேசையிலேதான். வந்த கடிதத்துக்கு அன்றைக்கே பதில் போகவேண்டும் என்ற பழக்கத்தைப் பிற்காலத்தில் தமது அலுவலகத்தின் சட்டமாகவே ஆக்கினார். பல்கலைக்கழகம் தராத பயிற்சியை இந்தத் தபாற் கட்டுகள் தந்தன எனலாம்.

1940ஆம் ஆண்டு ஏப்ரில் 8ஆம் திகதி கிளைட் சிமித் மாரடைப்பினால் காலமானார். தாம் இயலாமற் போனால் தமது மனைவியை ஆதரிக்குமாறு வாக்காளரைக் கேட்டு அதற்கு முதல்நாள்தான் அவர் அறிக்கை விட்டிருந்தார். ஜூன் மாத இடைத்தேர்தலில் மார்கிறற் வெற்றி பெற்றார். கணவனை இழந்த பெண்ணுக்கு அனுதாப வாக்கு விழுந்தது, அடுத்த முறை வீட்டுக்குப் போய்விடுவார் என்று எண்ணியவர்கள் பலர். அவர் போகவில்லை. கடற்படை விவகாரக் குழுவில் இடம்பெற்று, யுத்த காலத்தில் சேவைசெய்த பெண்களுக்காக வாதாடினார். பெண்கள் ஆயுதப் படைகளில் நிரந்தர அங்கத்தவராகச் சேர வழிசெய்த 1948ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேற அவருடைய விடாப்பிடி பெரிய காரணம்.

அந்த 1948ஆம் ஆண்டிலேதான் அவர் செனற் சபைக்குப் போட்டியிட்டார். றிப்பப்ளிக்கன் கட்சிக்குள்ளேயே அவரை எதிர்த்து நின்றவர்கள், பதவியிலிருந்த ஆளுநர், முன்னாள் ஆளுநர், ஒரு போதகர் ஆகிய மூவர். பணமும் கட்சி இயந்திரமும் அவர்கள் பக்கம். பெப்ரவரி மாதத்துப் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்ட அம்மையார், கட்டுப்போட்ட கையோடு ஊர் ஊராகப் போனார். அவ்வேளை பெயரில்லாத துண்டுப்பிரசுரங்கள் கிளம்பின. கொம்யூனிஸ்ட் சார்புள்ளவர் என்று பேர்பெற்ற ஒரு நியூயோர்க் உறுப்பினரோடு சேர்ந்து அவர் இத்தனை தடவை வாக்களித்தார் என்று கணக்குக் காட்டின. சபை முழுவதுமே ஒருமித்து வாக்களித்த சாதாரண விஷயங்களையும் அந்தக் கணக்கிலே சேர்த்திருந்தார்கள். அம்மையார் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தமது ஊர் மக்கள் முன்னே விளக்கினார். எதிரிகள் மூவரும் பெற்ற மொத்த வாக்குகளிலும் கூடுதலான வாக்குகள் அவருக்குக் கிடைத்தன. ஆயினும், முகவரி இல்லாத அவதூறு எப்படி நடந்து திரியும் என்பதை அவர் தம் உடம்பிலேயே பட்டு அறிந்துகொண்டார். அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள இதை மனதில் வைத்திருக்கவேண்டும்.

1950ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, விஸ்கொன்சின் மாநிலத்துச் செனற்றர் ஜோசப் மக்கார்த்தி, மேற்கு வேர்ஜினியாவின் வீலிங் நகரில் ஒரு கூட்டத்தில் பேசினார். அமெரிக்க வெளிநாட்டு அமைச்சில் கொம்யூனிஸ்டுகள் நிறைந்திருப்பதாகவும், அவர்களின் பட்டியல் தமது கையில் இருப்பதாகவும் கூறினார். அந்தத் தொகை ஓரிடத்தில் 205, இன்னோரிடத்தில் 57, மற்றோரிடத்தில் 81 என்று மாறிக்கொண்டே போனது. என்றாலும் நாடு நடுங்கியது. சீனா கொம்யூனிஸ்டுகள் வசமாகிச் சில மாதங்கள்தான். ரஷ்யா அணுக்குண்டு வெடித்தும் சில மாதங்கள்தான். பேரைச் சொன்னாலே போதும், ஆளின் உத்தியோகம் போய்விடும் என்ற காலம்.

மார்கிறற் சிமித் முதலில் மக்கார்த்தியை நம்பினார் என்பதை மறைக்கவேண்டியதில்லை. இருவரும் ஒரே கட்சி. கட்சிக்காரர் ஒருவர் இவ்வளவு துணிந்து சொல்வதானால் ஆதாரம் இருக்கும் என்று நினைத்தார். ஆனால் கடிதத்தையும் பத்திரத்தையும் படித்துப் பழகிய கண் அவருடையது. ஆதாரத்தைக் காட்டும்படி கேட்டார். மக்கார்த்தி பத்திரங்களின் நிழற்பிரதிகளைக் காட்டினார். அம்மையார் அவற்றைப் படித்துப் பார்த்தார். குற்றச்சாட்டுக்கும் பத்திரத்துக்கும் ஒரு தொடர்பும் தெரியவில்லை. தமக்குச் சட்டம் தெரியாததால்தான் விளங்கவில்லையோ என்றுகூட முதலில் தம்மையே சந்தேகித்தார். திரும்பத் திரும்பக் கேட்டும் தெளிவான பதில் வரவில்லை.

சபையிலே அவர் ஒருவரே பெண். வந்து ஒன்றரை வருடமும் ஆகவில்லை. மூத்தவர்கள் யாராவது எழுந்து கேட்பார்கள் என்று காத்திருந்தார். ஒருவரும் அசையவில்லை. எதிர்க் கேள்வி கேட்டவன் அடுத்த பட்டியலில் இருப்பான் என்ற பயம் பெரியவர்களையும் வாயடைக்கச் செய்திருந்தது. மே மாத இறுதியில் தமது உதவியாளர் வில்லியம் லூயிஸ் என்பவரோடு அமர்ந்து ஓர் அறிக்கையை எழுதினார். றிப்பப்ளிக்கன் செனற்றர்கள் ஆறு பேரிடம் அதைக் காட்டி ஒப்பம் பெற்றார். நியூ ஹாம்ஷயர் ரோபி, வேர்மொண்ட் எய்க்கன், ஒரிகன் மோர்ஸ், மினசோட்டா தை, நியூயோர்க் ஐவ்ஸ், நியூ ஜேர்சி ஹென்றிக்சன் என்போரே அந்த ஆறு பேர்.

ஜூன் முதலாந் திகதி காலை, செனற் சபைக்குப் போகும் நிலக்கீழ் வண்டியில் மக்கார்த்தியே எதிர்ப்பட்டார். முகம் கடுமையாய் இருக்கிறதே, பேசப் போகிறீர்களா என்று விசாரித்தார். ஆம், அது உமக்குப் பிடிக்காது என்று அம்மையார் ஒளிக்காமல் சொன்னார். துணை ஜனாதிபதிப் பதவிக்கு அவருடைய பெயர் அடிபட்ட நேரம் அது. கட்சி மாநாட்டில் விஸ்கொன்சினின் 27 வாக்குகள் தம் கையில் இருப்பதை மக்கார்த்தி நினைவூட்டினார். அம்மையார் மேலே பேசவில்லை, சபைக்குப் போனார்.

பேச்சு ஏறத்தாழக் கால்மணி நேரம்தான். மக்கார்த்தி அவருக்குப் பின்வரிசையிலே இருந்தார். அம்மையார் அவர் பெயரை ஒரு தடவையும் உச்சரிக்கவில்லை. ட்ரூமன் ஆட்சியின் குறைகளையும் அவர் விட்டுவைக்கவில்லை என்பதைச் சிலர் மறந்துவிடுகிறார்கள். ஆனால் தமது கட்சி பயம், அறியாமை, குருட்டுப் பகை, அவதூறு என்னும் நான்கின் முதுகில் ஏறி வெற்றிக்குச் செல்வதைத் தாம் விரும்பவில்லை என்றார். குறைகூறும் உரிமை, பிறருக்குப் பிடிக்காத கொள்கையை வைத்திருக்கும் உரிமை, எதிர்ப்புத் தெரிவிக்கும் உரிமை, சுயமாகச் சிந்திக்கும் உரிமை ஆகியவற்றைப் பயன்படுத்தியதற்காக ஒருவனுடைய நற்பெயரும் சீவனோபாயமும் பறிபோகக் கூடாது என்றார். செனற் சபையின் சிறப்புரிமைக்குள் ஒளித்துநின்று வெளியாட்களைத் தூற்றும் வழக்கத்தைக் கண்டித்தார். பேசி முடித்ததும் மக்கார்த்தி ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். இந்தப் பேச்சையே மனச்சாட்சிப் பிரகடனம் என்று அமெரிக்கர் இன்றும் அழைக்கின்றனர்.

பின்னர் வந்தது தபால். ஸ்கௌஹீகன் நூல்நிலையத்தின் மிகப் பெறுமதியான பகுதி அதுதான் என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். பாராட்டியவர்களே மிகுதி. தமக்குத் துணிவு வரவில்லை, உங்களுக்கு வந்தது என்ற போக்கில் எழுதியவர்கள் இருந்தார்கள். அவரைக் கொம்யூனிஸ்டுகளின் கைப்பொம்மை என்றும், கட்சிக்குத் துரோகி என்றும், அடுப்படிக்குத் திரும்பவேண்டியவர் என்றும் ஏசியவர்களும் இருந்தார்கள். இரண்டு வகையும் பேணப்பட்டுள்ளன. அரசியல்வாதிகள் பலர் ஓய்வு பெறும்போது தமக்கு மாலைபோட்ட காகிதங்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை எரித்துவிடுவதுண்டு. வசையை எறிந்துவிட்டால் அந்த 1950இல் ஒரு நாடு எவ்வளவு பயந்துபோயிருந்தது என்பதற்குச் சாட்சி இல்லாமற் போய்விடும். அந்தப் பயத்தை எந்தச் சரித்திரப் புத்தகமும், ஏசி எழுதப்பட்ட ஒரு கடிதத்தைப்போல நேரடியாகக் காட்டமாட்டாது.

இங்கே நம்மவர்கள் கொஞ்சம் கூச்சத்தோடு நினைக்கவேண்டிய ஒரு விஷயமும் உண்டு. மக்கார்த்தி கத்தோலிக்கர். ஐரிஷ் வழிவந்த விவசாயக் குடும்பத்தில் பிறந்து, மில்வோக்கி நகரில் இயேசு சபையினர் நடத்தும் மார்க்கெற் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். அவருடைய பத்திரங்களும் கடிதங்களும் இப்போது அந்தப் பல்கலைக்கழகத்திலேயே இருக்கின்றன. அமெரிக்கக் கத்தோலிக்கரில் பெருந்தொகையினர் அவரை ஆதரித்தார்கள். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. போலந்திலும் ஹங்கேரியிலும் லித்துவேனியாவிலும் அவர்களுடைய உறவினர்கள் துன்புற்றுக்கொண்டிருந்தார்கள். கர்தினால் மின்ட்சென்ரிக்கு 1949 பெப்ரவரியில் ஹங்கேரி அரசு ஆயுட் சிறைத்தண்டனை விதித்த செய்தி ஆறியிருக்கவில்லை. கொம்யூனிசத்தை எதிர்ப்பவன் எவனும் நம்மவன் என்று எண்ணிவிட்டார்கள். நியூயோர்க் பேராயர் கர்தினால் ஸ்பெல்மன் மக்கார்த்திக்குச் சாதகமாக நின்றார்.

எனினும் எல்லோரும் அப்படி நிற்கவில்லை. பொதுநிலையினர் நடத்திய கொமன்வீல் சஞ்சிகை மக்கார்த்தியை விடாது கண்டித்தது. அம்மையாரின் பேச்சுக்கு மூன்று கிழமைக்கு முன்பே, கத்தோலிக்கரான செனற்றர் டெனிஸ் சாவேஸ், மக்கார்த்தி தரப்பின் முக்கிய சாட்சியொருவர் திருச்சபையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு பிறரைத் தூற்றுவதாகச் சபையிலே சாடினார். 1954 ஏப்ரிலில் சிக்காகோத் துணை ஆயர் பேணாட் ஷீல் ஆண்டகை, தொழிற்சங்கத்தினரின் பெருங்கூட்டத்தில் எழுந்து, பொய்யினாலும் அவதூறினாலும் கொம்யூனிசத்தை எதிர்ப்பது நல்லொழுக்கத்துக்கே விரோதம் என்ற கருத்தில் பேசினார். மாசச்சூசெற்ஸ் செனற்றர் கென்னடி மாத்திரம் மௌனமாயிருந்தார். மக்கார்த்தியைக் கண்டிக்கும் வாக்கெடுப்பு நடந்தபோது அவர் முதுகுச் சத்திரசிகிச்சைக்காக ஆசுப்பத்திரியில் இருந்தது உண்மைதான். ஆயினும் தமது நிலையைச் சொல்லி அனுப்ப அவருக்கு வழி இருந்தது.

மக்கார்த்தி தமக்கு நேர்ந்ததை மறக்கிறவர் அல்லர். அம்மையாரையும் ஒப்பமிட்ட அறுவரையும் சிறுவர் கதையில் வரும் இளவரசிக்கும் குள்ளர்களுக்கும் ஒப்பிட்டுக் கேலிசெய்தார். விசாரணை உபகுழுவிலிருந்து அம்மையாரை நீக்கி, அந்த இடத்தைப் புதிதாய் வந்த றிச்சட் நிக்சனுக்குக் கொடுத்தார். 1952இல் வெளியான ஒரு பரபரப்புப் புத்தகம் அம்மையாரைக் கொம்யூனிஸ்ட் அனுதாபி என்று எழுதியது. அவர் வழக்குத் தொடர்ந்து, 1956இல் 15,000 டொலர் நட்டஈடும் பகிரங்க மன்னிப்பும் பெற்றார். 1954இல் மெயின் மாநிலத்திலேயே ஓர் இளைஞரை மக்கார்த்தி ஆதரவோடு அவருக்கு எதிராக நிறுத்தினார்கள். ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் அம்மையார் வென்றார். அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் திகதி செனற் சபை 67க்கு 22 என்ற வாக்குகளால் மக்கார்த்தியைக் கண்டித்தது. அம்மையாரின் வாக்கும் அந்த 67இல் ஒன்று. மனச்சாட்சிப் பிரகடனத்துக்கும் இதற்கும் இடையே நாலரை ஆண்டுகள் கழிந்துவிட்டன. அந்த நாலரை ஆண்டில் உத்தியோகமும் மானமும் இழந்தவர்களுக்கு இந்த வாக்கெடுப்பு எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒப்பமிட்ட அறுவரிலும் சிலர், கொரிய யுத்தம் தொடங்கியதும் மெல்லப் பின்வாங்கிவிட்டார்கள்.

மார்கிறற் சிமித் குற்றமற்ற வீராங்கனை என்று சொல்வதும் சரியாகாது. கொம்யூனிஸ்ட் கட்சியையே தடைசெய்யும் சட்டமூலமொன்றை 1953இல் அவரே கொண்டுவந்தார். தாம் அறிவித்த உரிமைகளோடு அது எப்படிப் பொருந்தும் என்று இன்றும் ஆராய்ச்சியாளர் கேட்கின்றனர். வியற்னாம் யுத்தத்தை அவர் இறுதிவரை ஆதரித்தார். கென்னடி ஜனாதிபதியானபோது, அணு ஆயுதத்தைப் பயன்படுத்தும் மனவுறுதி அவரிடம் இல்லையென்று 1961இல் கடுமையாகப் பேசியவரும் இவரே. அதே கென்னடி 1963 நவம்பரில் கொல்லப்பட்டபின், செனற் சபையில் அவர் முன்பு இருந்த மேசையில் அம்மையார் ஒரு றோசாப் பூவை வைத்தார். நாள்தோறும் உடுப்பில் குத்திக்கொள்ளும் றோசா அவருடைய அடையாளமாகவே இருந்தது.

1964இல் ஜனாதிபதி வேட்பாளராகத் தம்மை அறிவித்தார். தேர்தலுக்கு என்று மக்கள் அனுப்பிய பணத்தைத் திருப்பி அனுப்பினார். சபையில் வாக்கெடுப்பு நடக்கும் நாட்களில் பிரசாரத்துக்குப் போக மறுத்தார். இப்படி ஒருவர் வெல்லுவது எப்படி? ஆயினும் இலினோய் மாநிலத்துக் கட்சித் தெரிவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாக்கு அவருக்கு விழுந்தது. சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், 1950இல் ஒப்பமிட்ட அதே எய்க்கன் அவர் பெயரைப் பிரேரித்தார். அமெரிக்கப் பெருங்கட்சியொன்றின் மாநாட்டில் ஜனாதிபதிப் பதவிக்குப் பிரேரிக்கப்பட்ட முதற் பெண் அவர். கிடைத்த வாக்குகள் 27. நிலக்கீழ் வண்டியில் மக்கார்த்தி ஆசைகாட்டிய தொகையும் அதுவேதான்!

1970இல் கல்லூரிகள் யுத்தத்துக்கு எதிராகக் கொதித்தெழுந்தபோது, மெயின் மாநிலத்துக் கோல்பி கல்லூரி மாணவர் முன்னே அவர் நின்றார். லாவோசில் அமெரிக்கப் படை இல்லை என்று அவர் சொல்ல, அங்கே காயப்பட்டுத் திரும்பிய வாலிபன் ஒருவன் எழுந்து மறுத்துவிட்டான். அது அவருக்குப் பெரிய அடி. சரியாக இருபது ஆண்டு கழித்து, ஜூன் முதலாந் திகதியே, இரண்டாவது பிரகடனம் ஒன்றை வாசித்தார். கலகம் செய்யும் இடதுசாரிகளையும், அவர்களை அடக்குகிறோம் என்று நாட்டைப் பிரிக்கும் வலதுசாரிகளையும் அது ஒருங்கே கண்டித்தது. காலம் மாறிவிட்டது, முதலாவதுக்குக் கிடைத்த வரவேற்பு இரண்டாவதுக்கு இல்லை. 1972ஆம் ஆண்டுத் தேர்தலில் 74 வயதில் தோற்றார்.

தோற்றவர் சும்மா இருக்கவில்லை. மூட்டை மூட்டையாய் இருந்த கடிதங்களை என்ன செய்வது என்ற யோசனை பிறந்தது. பெரிய பல்கலைக்கழகம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாயிருந்திருக்கலாம். அவர் அவற்றை நாவிதரின் மகளாகத் தாம் வளர்ந்த ஊருக்கே கொண்டுபோனார். 1982இல் தமது வீட்டோடு சேர்த்து நூல்நிலையம் திறக்கப்பட்டது. அதற்குத் திட்டம் தீட்டிய லூயிஸ் அதே ஆண்டில் இறந்துபோனார். முதுமையிலும் அம்மையார், வீட்டிலிருந்து கதவைத் திறந்துகொண்டு நூல்நிலையத்துக்குள் வருவார். ஆராய்ச்சி மாணவர்களும், வகுப்பு வகுப்பாக வரும் பாடசாலைச் சிறுவர்களும் அவரைக் கேள்வி கேட்பார்கள். அவர் ஆறுதலாக இருந்து பதில் சொல்வார்.

1989இல் சுதந்திரப் பதக்கம் என்னும் உயர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1995ஆம் ஆண்டு மே 29ஆம் திகதி, 97ஆவது வயதில், ஸ்கௌஹீகனிலேயே காலமானார். கடிதங்கள் அவர் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. கேட்பவர்களுக்கு, பாராட்டையும் வசையையும் எடுத்துக் காட்டுகிறார்கள்.